ஜேனட்டுக்கு அரைத்த மிளகாய்

ஆள் இருக்குதான்னு கேட்கறியா கண்ணு? யாரும் இல்லை, உட்காரு. பொள்ளாச்சியில இருந்தே இந்த சீட்டு காலிதான். பையை நான் மடியில வச்சுக்கறேன், நீ நல்லாச் சாஞ்சு உட்காரு. தாராபுரமா? நாங்களும் அந்த வழிதான், அதுக்கு முன்னாடியே இறங்கிருவோம். தாராபுரத்துல எந்தப் பக்கம்? பஸ் ஸ்டாண்டு பக்கமா. பஸ் ஸ்டாண்டு பக்கம் எல்லாருந்தான் இருக்கறாங்க. சரி, இருக்கட்டும்.

நாங்கன்னு சொன்னது நானும் மாராளும். அதோ, கடைசி சீட்டுக்கு முந்தின சீட்டுல, ஜன்னலுக்கு வெளியே ரெண்டு கையையும் நீட்டிட்டு உட்கார்ந்திருக்கறா பாரு, அவதான். எங்க தோட்டத்துல முப்பது வருஷமா இருக்கறா. மாட்டுச்சாளை, வாசல், களம் எல்லாம் அவ பொறுப்பு. கை எரியுதாம், காத்துக்குக் காட்டிட்டு வர்றா. இங்கே வந்து உட்காருன்னு நான் கூப்பிடலைதான். கூப்பிட்டாலும் வரமாட்டா. அவளுக்கே தெரியும்.

உனக்கு மூக்குல ஏறுதா? மிளகாய் நெடி. என் சேலையிலயே ஒட்டிக்கிச்சு. அம்மன் கோயிலுக்குப் போய் மிளகாய் அரைச்சுட்டு வர்றோம்.

நீ கேள்விப்பட்டதில்லையா? இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்கு என்ன தெரியுது. ஒருத்தர் நமக்கு அநியாயம் பண்ணிட்டாங்கன்னு வை. போலீசு, கோர்ட்டுன்னு போக முடியாத அநியாயம். அப்போ அங்கே போய், ஆட்டாங்கல்லுல வரமிளகாயைப் போட்டு, பண்ணினவங்க மூஞ்சியை நினைச்சுட்டே அரைக்கணும். அரைச்சதை வழிச்சு அங்கே இருக்கற கல்லுமேல அப்பிட்டு, திரும்பிப் பார்க்காம வந்தரணும். ஆத்தாளுக்கு உடம்பெல்லாம் எரியும். அந்த எரிச்சல் யாரால வந்ததோ அவங்களை அவ சும்மா விடமாட்டா. மூணு மாசத்துக்குள்ள தெரிஞ்சுரும். தெரிஞ்சப்புறம் நாம போய் எண்ணெய் ஊத்தி ஆத்தாளைக் குளிர வைக்கணும்.

என்னைப் பார்த்தா மிளகாய் அரைக்கறவளாட்டவா இருக்குது? சொல்லு. எட்டாவதோட நின்னவ நான். வெள்ளி, செவ்வாய் விளக்குப் போடாம பச்சைத்தண்ணி குடிக்கமாட்டேன். சஷ்டிக்கு ஆறு நாளும் பட்டினி. மாடு எட்டி உதைச்சாக்கூட 'முருகா'ன்னு சொல்லிட்டு எந்திரிப்பேனே தவிர, அதை ஒரு வார்த்தை வைய மாட்டேன். ராமாத்தா வாயில கெட்ட வார்த்தை வந்து யாரும் கேட்டதில்லைன்னு எங்க ஊர்ல சொல்லுவாங்க. ஒரு பையன், ஒரு பொண்ணு, ரெண்டு பேரையும் கை நீட்டி அடிச்சதில்லை.

ஆனா இந்த ஒருத்தியை மட்டும் விடமாட்டேன். அவ பேரு ஜேனட்.

இங்கிலாந்துல இருக்கறா. சுவிண்டன்னு ஒரு ஊரு. என் பொண்ணு மேகலாவும் மாப்பிள்ளையும் அங்கேதான் இருக்காங்க. போன வருஷம் அவளுக்குப் பிரசவம்னு என்னைக் கூப்பிட்டுட்டுப் போனாங்க. ஆறு மாசம் இருக்கலாம்னு விசா. நானும் சாம்பார்ப்பொடி, பிள்ளை மருந்து, வசம்பு எல்லாம் கட்டி எடுத்துட்டுப் போனேன். பேத்தி பொறந்தா. வெள்ளரிப்பிஞ்சாட்ட இருந்தா.

ஜேனட் பக்கத்து வீடு. நம்ம தோட்டத்துக்கும் அவ தோட்டத்துக்கும் நடுவுல ஒரு பலகை வேலிதான். எழுபது வயசு இருக்கும். முடியைக் கத்தரிச்சு விட்டிருப்பா. வேலிக்கு அந்தப் பக்கம் நின்னு 'ஹலோ'ன்னு சிரிப்பா. நானும் சிரிப்பேன். மேகலாவும் "நல்லவங்கம்மா"ன்னு சொன்னா. நானும் நம்பினேன்.

அவ பேரன் ஒருத்தன் சனி ஞாயிறு வருவான். ஏழு வயசு. பந்து நம்ம பக்கம் விழுந்துச்சுன்னா, வேலி மேல தாடையை வச்சுட்டு, 'ராமா! ராமா!'ன்னு கூப்பிடுவான். என்னை! எனக்கு அறுபத்தொண்ணு முடிஞ்சுது கண்ணு. அவன் என் இடுப்பு உசரம் இல்லை. மேகலாகிட்டச் சொன்னா, "இங்கே எல்லாரும் பேர் சொல்லித்தாம்மா கூப்பிடுவாங்க, அதுல ஒண்ணும் இல்லை"ங்கறா. அவங்களுக்குள்ள கூப்பிட்டுக்கட்டும், எனக்கென்ன. என்னைக் கூப்பிடறப்போ கூட ஒரு ஆன்ட்டி சேர்த்தா வாயா வலிக்குது? வயசுல பெரியவங்களைப் பேர் சொல்லிக் கூப்பிடற பழக்கம் ஒரு வீட்டுல இருந்துச்சுன்னா, அந்த வீட்டை நீ எடை போட்டுக்கலாம்.

நம்ம வீட்டுலயெல்லாம் அப்படியா வளர்த்தறோம்? என் பையனோட பையனுக்கு நாலு வயசு. 'மாராளு, தண்ணி கொண்டா. மாராளு, என்ற செருப்பை எடு'ன்னு எவ்வளவு அழகாச் சொல்லுவான் தெரியுமா. மழலை. மாராளே சிரிப்பா.

சரி, பையனை விடு. ஒரு கப்பு விஷயம் இருக்குது, அதுக்கு வர்றேன்.

ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம் ஜேனட் அவ தோட்டத்துல டீ கொடுத்தா. பத்துப் பேர் இருக்கும், எல்லாம் அந்த வீதிக்காரங்க. மேகலா குழந்தைக்குப் பால் கொடுத்துட்டு வர்றேன், நீ முன்னாடி போம்மான்னா. நான் பட்டுச்சேலை கட்டிட்டு, நம்ம வழக்கப்படி வெறுங்கையோட போகக்கூடாதுன்னு நெய்யும் முந்திரியும் போட்டு ரவா லட்டு பிடிச்சு எடுத்துட்டுப் போனேன். எல்லார் கையிலயும் பீங்கான் கப்பு. வெள்ளையில ஊதாப்பூ போட்ட கப்பு, சாசரோட. எனக்கு?

பேப்பர் கப்பு.

கையில கொடுக்கலை. கப்போட விளிம்பை மேலாகப் பிடிச்சு, நான் உட்கார்ந்திருந்த பெஞ்சு ஓரத்துல வச்சுட்டு, ரெண்டடி தள்ளிப் போய் நின்னு, எடுத்துக்கோன்னு விரலைக் காட்டினா. சிரிச்சுட்டே!

மேகலா அப்புறமா வந்தா. அவளுக்கும் பேப்பர் கப்பு. இங்கிலீசு பேசறவ, அங்கேயே வேலை பார்க்கறவ, அவளுக்கும் அதேதான். வீட்டுக்கு வந்ததும் நான் கேட்டேன். "கப் தீர்ந்திருக்கும்மா"ங்கறா. தீரலை. ட்ரேயில மூணு கப்பு கவுத்தி வச்சிருந்துச்சு, நான் எண்ணிப் பார்த்தேன். "உனக்கு எல்லாமே தப்பாத்தான் தெரியும்"னா. எனக்கா தப்பாத் தெரியும்? வேற எதுல வேணா என்னை ஏமாத்தலாம் கண்ணு. எங்க வாசல்ல முப்பது வருஷமா நாள் தவறாம ரெண்டு நேரம் டீ கொடுக்கறவ நான். ஒருத்தருக்குப் பக்கத்துல வச்சு ஊத்தறப்போ கை எப்படி இருக்கும், தள்ளி வச்சு ஊத்தறப்போ கை எப்படி நீளும், எந்த இடத்துல நிற்கும்னு எனக்குத் தெரியாதா? அந்தக் கையைப் பார்த்த உடனே எனக்குப் புரிஞ்சு போச்சு. அட, இது நமக்கா, நமக்கா இதுன்னு.

அதோட விட்டாளா? சாயங்காலம் மாடி ஜன்னல்ல நின்னு பார்த்துட்டு இருக்கறேன். ஒரு பாட்டிலை எடுத்துட்டு வந்து, நான் உட்கார்ந்த பெஞ்சு மேல புஸ் புஸ்ஸுன்னு அடிச்சு, துணியில துடைச்சா. ரெண்டு தடவை. மத்த நாற்காலியெல்லாம் அப்படியே மடிச்சு உள்ளே வச்சுட்டா. எதுக்குத் தெளிப்பாங்கன்னு எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

என் லட்டு? டப்பா அப்படியே வேலி மேல திரும்பி வந்துச்சு. 'தேங்க் யூ'ன்னு ஒரு சீட்டு ஒட்டி. பதினெட்டு பிடிச்சேன், பதினெட்டும் இருந்துச்சு.

அன்னைக்கு ராத்திரிச் சாப்பாட்டுல பேச்சு வந்துச்சு. எங்க மாப்பிள்ளை தரணி நிதானமான ஆளு. அவர் சொல்றாரு, "அத்தை, முன்னைக்கு இப்போ இங்கே எவ்வளவோ பரவாயில்லைங்க. சட்டம் இருக்குது. ஆபீஸ்ல நிறத்தைப் பத்தி ஒரு வார்த்தை தப்பாப் பேசினா வேலையே போயிரும். ஆனா சுத்தமாப் போயிருச்சுன்னு சொல்ல முடியாதுங்க, அது உள்ளே இருக்குது. என் ஃப்ரெண்டு ஒருத்தன் ஆஸ்திரேலியாவுல இருக்கறான், அவன் கார் மேல முட்டை அடிச்சுட்டுப் போயிருக்கறாங்க. அதுக்கு இது எவ்வளவோ தேவலைங்க"ன்னு.

நான் சொன்னேன், "முட்டை அடிச்சவன் தேவலை மாப்பிள்ளை. தண்ணி ஊத்தினா போயிருது. இவ சிரிச்சுட்டு வச்சாளே, அதை எதை ஊத்திக் கழுவறது?"

மாப்பிள்ளை சிரிச்சுட்டு, "நம்ம ஊரு எப்படிங்கத்தை?"ன்னாரு.

"நம்ம ஊர்ல ஏது மாப்பிள்ளை இதெல்லாம்? நாலு வருஷம் முன்னாடி கரண்டு எடுக்கற காத்தாடி மாட்டறதுக்கு ஒரு வெள்ளைக்காரன் நம்ம காட்டுக்கு வந்தான். என்ன சாதியோ, என்ன திங்கறவனோ, யாராவது கேட்டமா? இளநி வெட்டி, நம்ம வெள்ளி டம்ளர்ல ஊத்தி, கையில கொடுத்தோம். நடு ஹால்ல உட்கார வச்சு இலை போட்டோம். அந்த மனசு இவங்களுக்கு வருமா?"

அப்போ மேகலா தட்டுல இருந்து தலையைத் தூக்கி, "மாராளுக்கு எந்த டம்ளர்மா?"ன்னா.

எனக்கு ஒரு நிமிஷம் புரியவே இல்லை கண்ணு. எதுக்கு எதைக் கொண்டாந்து கட்டறா பாரு.

"அது வேற"ன்னேன்.

"எப்படி வேற?"

"மாராளுக்கு எவர்சில்வர் டம்ளர். புதுசா வாங்கினது. அவளுக்குன்னே தனியா மாட்டுச்சாளையில சொருகி வச்சிருக்குது, வேற யாரும் அதைத் தொடக்கூட மாட்டோம். நாம என்ன பேப்பர் கப்புலயா கொடுக்கறோம், குடிச்சதும் கசக்கி எறியறதுக்கு?"

மேகலா எந்திரிச்சுப் போயிட்டா. பிள்ளை பெத்த உடம்பு, தட்டுல பாதிச் சோறு அப்படியே கிடக்குது. மூணு நாளு என்கிட்ட அவ முகம் கொடுத்துப் பேசலை. நாலாம் நாளு வந்து, "அம்மா, உனக்கு இந்தக் குளிர் ஒத்துக்கலை, டிக்கெட்டை முன்னாடி மாத்திட்டேன்"னா. ஜூலை மாசம், என்ன குளிரு? ரெண்டரை மாசம் பாக்கி இருக்குது விசாவுல. பேத்தி அப்போத்தான் முகம் பார்த்துச் சிரிக்க ஆரம்பிச்சா. அவ குப்புற விழறதைப் பார்க்கறதுக்குள்ள என்னை ஏரோப்பிளேன் ஏத்திட்டாங்க.

பார்த்தியா? ஒரு பேப்பர் கப்பு. அது மட்டும் இல்லைன்னா அந்தப் பேச்சு வந்திருக்குமா? எனக்கும் என் மகளுக்கும் நடுவுல இந்த முப்பத்திரண்டு வருஷத்துல ஒரு சண்டை கிடையாது. ஒரு சாயங்காலத்துல பிரிச்சு விட்டுட்டா, அந்த ஜேனட். இப்போ ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை போன்ல குழந்தையைக் காட்டுவா மேகலா. ரெண்டு நிமிஷம். "சரிம்மா, வச்சர்றேன்" அவ்வளவுதான். நான் சிரிப்பு காட்டறதுக்குள்ள கருப்பாயிரும் போனு.

என்ன கேட்டே? நம்ம ஊர்ல நிஜமாவே இல்லையான்னா? நீயும் மேகலா மாதிரியே கேட்கறியே. உங்க ஐயன் என்ன பண்றாரு? ஓ, வாத்தியாரா. சரி சரி.

இல்லை கண்ணு. இல்லவே இல்லை. மாராளையே எடுத்துக்கோ. அவ பொண்ணு செல்வராணி நர்ஸு! எங்க தோட்டத்துச் சாளையில தொட்டில் கட்டித் தூங்கின பிள்ளை. படிச்சா, கவர்மென்ட் வேலை, எங்க ஊருக்கே கிராம நர்ஸா வந்துட்டா. வெள்ளைக்கோட்டு, ஸ்கூட்டி. நாம தடுத்தமா? இதுக்கு மேல என்ன வேணும்?

நான் அங்கே இருந்து வந்த மறுவாரம், சர்க்கரை, பிரஷர் பார்க்கணும்னு வீடு வீடா வந்தவ எங்க வீட்டுக்கும் வந்தா. முன்வாசல் வழியா. வரட்டும், வேலைன்னா அப்படித்தான். நேரா ஹாலுக்கு வந்து, எனக்கு எதிர்ல இருக்கற சோபாவுல உட்கார்ந்தா. நான் இன்னும் உட்காருன்னு சொல்லலை. நோட்டைத் திறந்து, "பேரு ராமாத்தாள். வயசு அறுபத்தொண்ணுங்களா?"ன்னு கேட்டா. என் பேரை, என் வீட்டுல, என் எதிர்ல உட்கார்ந்து! அப்புறம் என் கையைப் பிடிச்சு இழுத்துப் பட்டையைச் சுத்தறா. சுத்திட்டு, "பிரஷர் ரொம்ப ஜாஸ்தியா இருக்குதே, கோபம் கீது படறீங்களா?"ன்னு சிரிக்கறா. மாராள் வெளியே வாசலைக் கூட்டிட்டு இருந்தவ, விளக்குமாத்தோட நின்னு ஜன்னல் வழியா மகளையே பார்க்கறா. பல்லெல்லாம் தெரியுது.

கெட்ட பொண்ணுன்னு நான் சொல்ல மாட்டேன். சுத்தமாத்தான் இருந்தா. ஆனா மனசு ஒப்பணுமில்ல? அவ போனதும் குளிச்சேன். குளிச்சுட்டு, என் பெரியப்பா பையன் ஒருத்தன் கட்சியில இருக்கறான், அவனுக்குப் போன் போட்டேன். "தம்பி, அந்தப் பிள்ளைக்கு வேற நல்ல இடமாப் பார்த்துக் கொடு. சொந்த ஊர்ல இருந்தா யாரும் மதிக்க மாட்டாங்க, அவ நல்லதுக்குத்தான் சொல்றேன்"னு. முன்வாசல்ல நின்னுதான் பேசினேன், உள்ளே டவர் கிடைக்காது. மாராள் அப்பவும் அங்கேதான் கூட்டிட்டு இருந்தா. அவளுக்கு இதெல்லாம் என்ன புரியப் போகுது.

ஒரே மாசம். வால்பாறைக்கு மாத்தல் வந்துருச்சு. நல்ல குளுகுளுன்னு இடம், எஸ்டேட்டு. வெளியூர்க்காரங்க காசு கொடுத்துப் போய்ப் பார்க்கற ஊரு. ஆனா செல்வராணி அப்போ மாசமா இருந்தா, நாலு மாசம். எனக்கு எப்படித் தெரியும்? அவ புருஷனுக்கு இங்கே மில்லு வேலை, அதனால வாராவாரம் மலை ஏறி இறங்கினா. நாப்பது வளைவு இருக்கும் அந்த ரோட்டுல. ஒரு திங்கக்கிழமை பஸ்ஸுலயே வயித்து வலி வந்து, பாதி மலையில இறக்கி... தங்கலை. கல்யாணமாகி ஆறாவது வருஷத்துல உண்டான பிள்ளை. என்ன பண்றது, அவங்கவங்க தலையெழுத்து. மாராள் மூணு நாள் வரலை, நாலாம் நாள் வழக்கம் போல வந்து சாணி எடுத்தா. நான் ஒரு சேலை கொடுத்தேன், புதுசு. வாங்கிட்டா. அதை அவ கட்டி நான் பார்க்கலை, பத்திரமா வச்சிருப்பா போல.

அதை விடு. இப்போ சொல்ல வந்தது ஜேனட்டை.

போன மாசம் மேகலா ஒரு போட்டோ அனுப்பினா. என் பேத்திக்கு முதல் பிறந்தநாளாம். என்னைக் கூப்பிடலை, சரி, தூரம். போட்டோவுல பார்க்கறேன், பேத்தி உட்கார்ந்திருக்கறா, யார் மடியில? ஜேனட் மடியில! அவ வாயெல்லாம் பல்லு. குழந்தையை ரெண்டு கையிலயும் அணைச்சுப் பிடிச்சிருக்கறா. நான் தொட்ட பெஞ்சைத் துடைச்ச கை அது. அந்தக் கையில என் பேத்தி. மேகலா கீழே எழுதியிருக்கறா, 'ஜேனட் இப்போ ரொம்ப மாறிட்டாங்கம்மா, அன்னைக்கு நடந்ததுக்கு வீட்டுக்கே வந்து மன்னிப்புக் கேட்டாங்க'ன்னு.

மன்னிப்பு யார்கிட்டக் கேட்கணும்? குடிச்சவ நான். என்கிட்டக் கேட்டாளா? அவகிட்டக் கேட்டுட்டா எனக்குத் தீர்ந்துருமா?

அன்னைக்கு விளக்கு முன்னாடி உட்கார்ந்து முருகனைக் கூப்பிட்டுப் பார்த்தேன், மனசு நிக்கலை. அவரு சாந்தசொரூபி, அவருக்கு இதெல்லாம் ஆகாது. இதுக்கு ஆத்தாதான் சரின்னு முடிவு பண்ணினேன். சாகணும்னு நான் வேண்டலை கண்ணு, அந்தப் பாவம் எனக்கெதுக்கு. அந்தக் கை, கப்பை வச்சுச்சே வலது கை, அது மரத்துப் போகணும். ஒரு டம்ளர் தண்ணிக்கு அவ இன்னொருத்தர் கையைப் பார்க்கணும். அவ வச்ச சோத்தை அவ வீட்டு ஆளுங்களே தொடாம எந்திரிச்சுப் போகணும். அவ மகளும் வாரத்துக்கு ரெண்டு நிமிஷம் மட்டும் பேசிட்டுப் போனை வைக்கணும். முக்கியமா, எதுக்காக இது நமக்கு வந்துச்சுன்னே அவளுக்குத் தெரியக்கூடாது. தெரியாமயே எரியணும். அதான் எரிச்சல்.

ஆனா பாரு, எனக்குக் கண்ணு ஆபரேஷன் ஆகி இருபது நாள்தான் ஆகுது. இந்தக் கருப்புக் கண்ணாடி அதுக்குத்தான். மிளகாய் நெடி பக்கமே போகக்கூடாதுன்னு டாக்டரம்மா கண்டிப்பாச் சொல்லிட்டாங்க. வளர்பிறை வெள்ளியை விட்டா அப்புறம் எனக்கு மனசு ஆறிப் போயிருமோன்னு பயம். ஆறக்கூடாது இல்ல? அதான் மாராளைக் கேட்டேன். எங்க வீட்டுல மிளகாய் அரைக்கறது, இடிக்கறது எல்லாம் எப்பவும் அவதானே, வெளியே வச்சு.

"மாரா, எனக்காகக் கோயில்ல வந்து மிளகாய் அரைச்சுத் தர்றியா?"ன்னேன். சாணிக்கூடையை இறக்கி வச்சுட்டு, கொஞ்ச நேரம் என்னையே பார்த்தா. "நான் அரைச்சா ஆத்தா ஒத்துக்குவாளுங்களா?"ன்னா. "ஏன் ஒத்துக்க மாட்டா? அவ சந்நிதியில எல்லாரும் ஒண்ணுதான்"னேன். "வாரனுங்க"ன்னுட்டா. இதே அந்த ஊரா இருந்தா நடக்குமா, சொல்லு?

இன்னைக்கு விடியக்காலம் கிளம்பினோம். வீட்டு ஆம்பளைங்களுக்குத் தெரியாது, அதான் காரை விட்டுட்டு பஸ்ஸு. வழியில போன்ல அந்தப் போட்டோவைக் காட்டினேன். இவதான் மாரா, நல்லாப் பார்த்துக்கோன்னு. கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்துட்டு, "இவிங்க எல்லாரு மூஞ்சியும் ஒண்ணாட்டவே இருக்குதுங்களேம்மா"ன்னா! சிரிப்பை அடக்க முடியலை எனக்கு. அவளுக்கு எல்லா வெள்ளைக்காரியும் ஒண்ணுதான்.

கோயில் வாசல்ல பூ விக்கற பொம்பளை ஒருத்தி, நாங்க பேசறதைக் கேட்டுட்டு, "அம்மா, அரைக்கறவங்க மனசுதான் ஆத்தாளுக்குக் கேட்கும், உங்க குறைக்கு நீங்களே அரைங்க"ன்னா. நான் சொன்னேன், "இவ மனசு வேற, என் மனசு வேறயா? முப்பது வருஷம் என் சோத்தைத் தின்னவ"ன்னு.

நான் பதினோரு மிளகாய் எண்ணிக் கொடுத்தேன். அவ முந்தானை முடிச்சை அவிழ்த்தா. அவளே ஒரு கைப்பிடி கொண்டாந்திருக்கறா! அவ வீட்டு மிளகாய். நான் சொல்லவே இல்லை. "இது எதுக்குடி?"ன்னேன். "காரம் பத்தாதுங்கம்மா"ன்னா. எனக்குக் கண்ணு கலங்கிப் போச்சு. என் அவமானத்தை அவ அவமானமா நினைக்கறா பாரு.

கல்லுக்கிட்ட நான் போக முடியாது. எதிர்ல ஒரு வேப்பமரம், அதுக்குக் கீழே மேடை, இருபதடி இருக்கும், அங்கே போய் நின்னுட்டேன், முந்தானையால மூக்கைப் பொத்திட்டு. அவ குத்த வச்சு உட்கார்ந்தா. தண்ணி தெளிச்சா. குழவியைப் பிடிச்சா.

நானும் எத்தனையோ பேர் அரைக்கறதைப் பார்த்திருக்கறேன் கண்ணு, அந்த மாதிரி ஒரு அரைப்பைப் பார்த்ததில்லை. வரிசையில நின்ன ஜனமெல்லாம் இருமுது, தும்முது, தள்ளிப் போகுது. இவ கண்ணைச் சிமிட்டலை. தண்ணி தாரைதாரையா ஊத்துது கண்ணுல, துடைக்கவும் இல்லை. ஒவ்வொரு சுத்துக்கும் தலையைத் தூக்கி நேரா என்னைப் பார்க்கறா. ஒரு சுத்து, ஒரு பார்வை. ஒரு சுத்து, ஒரு பார்வை. வாய் மட்டும் எதையோ முணுமுணுன்னு சொல்லிட்டே இருக்குது. இன்னும் அரைக்கறதா, போதுமான்னு கேட்கறாளாட்ட இருக்குதுன்னு நினைச்சு, இங்கிருந்தே கையை ஆட்டினேன். ம், அரை, இன்னும் நல்லா அரை, விடாதேன்னு. அவளும் தலையை ஆட்டிட்டு அரைச்சா. அரைமணி நேரம்.

அப்பிட்டு வந்தா. முழங்கை வரைக்கும் சிவப்பு. கழுவிக்கோடின்னா, "இருக்கட்டுங்க"ங்கறா.

"அந்த மூஞ்சியை நல்லா நினைச்சுட்டு அரைச்சியா மாரா?"ன்னு கேட்டேன்.

"நினைக்கறதுக்கு என்னங்கம்மா இருக்குது"ன்னா. "பார்த்துட்டேதானுங்களே அரைச்சேன்."

பாரேன்! பஸ்ஸுல ஒரே ஒரு தடவை காட்டின போட்டோ. அப்படியே கண்ணுக்கு முன்னாடி நிறுத்தியிருக்கறா. அவ்வளவு ஞாபகசக்தி. படிக்க வச்சிருந்தா எங்கேயோ போயிருப்பா.

இதைத்தான் கண்ணு நான் மேகலாவுக்குச் சொல்லணும்னு இருக்கறேன். அந்த ஊருக்கும் நம்ம ஊருக்கும் இதுதான் வித்தியாசம்னு. அங்கே ஒரு வேலைக்காரி தன் வீட்டம்மாவுக்காக இப்படிக் கண்ணு வீங்க, கை எரிய, மனசார உட்கார்ந்து அரைப்பாளா? எத்தனை சட்டம் போட்டாலும் வருமா அது?

இனி எனக்குக் கவலை இல்லை. மூணு மாசம். எங்கே போகணுமோ அங்கே போய்ச் சேர்ந்துரும்.